மாஸ்கோவுக்குப் போன தானியம்

அத்தியாயம் 11

1980 ஜனவரி 4, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் தொலைக்காட்சியில் தோன்றி, சோவியத் யூனியன் வாங்கக் கேட்டிருந்த 1 கோடியே 70 லட்சம் டன் தானியத்தை இனிக் கொடுக்கப் போவதில்லை என்று அறிவித்தார். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படைகள் நுழைந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. 1975-ல் இரு நாடுகளும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 80 லட்சம் டன் தந்தே ஆக வேண்டும். அதில் கார்ட்டர் கைவைக்கவில்லை. அதற்கு மேல் மாஸ்கோ கேட்டிருந்ததுதான் வெட்டப்பட்டது.

மாஸ்கோவுக்கு அது மோசமான நேரம். 1978-ல் 23 கோடியே 70 லட்சம் டன் என்ற சாதனை விளைச்சலைக் கண்ட நாட்டில், 1979-ல் 17 கோடியே 90 லட்சம் டன்தான் தேறியது. மக்களின் தட்டில் இறைச்சியின் அளவைக் கூட்டிக் காட்டுவதாக பிரெஷ்னேவின் அரசு வாக்குக் கொடுத்திருந்தது. ரொட்டிக்கான கோதுமையை எப்படியாவது சமாளிக்கலாம். மாட்டுக்கும் பன்றிக்கும் கோழிக்கும் போட வேண்டிய மக்காச்சோளத்துக்கு எங்கே போவது? தீவனம் இல்லையென்றால் கால்நடைகளை வெட்ட வேண்டியதுதான். அப்படி வெட்டினால் அந்த ஆண்டு இறைச்சி மலியும்; அடுத்த ஆண்டு கடைகள் காலியாகக் கிடக்கும்.

கார்ட்டர் பேசிய அந்த வாரத்தில் பூமியின் தென்பாதியில் கோதுமை அறுவடை முடிந்துகொண்டிருந்தது. அர்ஜெண்டினாவின் பாம்பாஸ் சமவெளியில் டிசம்பரும் ஜனவரியும் அறுவடை மாதங்கள். மார்ச், ஏப்ரலில் மக்காச்சோளமும் சோளமும் வரும், அதன் பின்னாலேயே சோயாவும். மாஸ்கோவின் கொள்முதல் நிறுவனமான எக்ஸ்போர்ட்க்ளெப் தெற்கே திரும்பியதில் வியப்பில்லை. வியப்பெல்லாம் அந்தப் பக்கம் யார் ஆட்சியில் இருந்தார்கள் என்பதில்தான். கம்யூனிசத்தை வேரோடு பிடுங்கியெறிவதே தன் பிறவிப் பயன் என்று அறிவித்துக்கொண்ட ராணுவ ஆட்சி அது.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். ஜார் காலத்து ரஷ்யாவோடு அர்ஜெண்டினா தூதரக உறவு கொண்டது 1885-ல். 1917 புரட்சிக்குப் பின் அது அறுந்தது. ஆனாலும் வியாபாரம் நிற்கவில்லை. யூழம்தோர்க் என்ற சோவியத் வணிக நிறுவனம் 1920-களில் புவெனஸ் ஐரிஸில் கடை விரித்தது. 1930-ல் ஆட்சியைப் பிடித்த ஜெனரல் உரிபுருவின் போலீஸ் மறு ஆண்டே அதன் அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர்களைக் கைது செய்து, பூட்டுப் போட்டது. நிறுவனம் ஆற்றைக் கடந்து உருகுவேயின் மொன்தெவிதேயோவுக்குப் போனது. மீண்டும் தூதர்களைப் பரிமாறிக்கொள்ள 1946 ஜூன் 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹுவான் பெரோன் அதிபராகப் பதவியேற்ற இரண்டாம் நாள் அது.

பெரோன் மாஸ்கோவுக்கு அனுப்பிய தூதர்களில் ஒருவரின் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: லியோபோல்தோ பிராவோ. ஆண்டெஸ் மலையடிவாரத்து சான் ஹுவான் மாகாணக்காரர். 1953 பிப்ரவரி 7 அன்று இரவு கிரெம்ளினில் ஸ்டாலினைச் சந்தித்தார். பேச்சு பெரும்பாலும் வர்த்தகத்தைப் பற்றியது. பத்து நாள் கழித்து இன்னொரு தூதர் அதே அறைக்குள் போனார். அவர் இந்தியாவின் கே.பி.எஸ். மேனன், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துக் கோட்டயத்தில் பிறந்தவர். ஸ்டாலினைக் கடைசியாகச் சந்தித்த அயல்நாட்டுத் தூதர் மேனன்; அவருக்கு முந்தையவர் பிராவோ. மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். அந்தச் சந்திப்பில் பேசப்பட்டது வீண்போகவில்லை. ஆகஸ்டில் புவெனஸ் ஐரிஸில் வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. லத்தீன் அமெரிக்க நாடு ஒன்றோடு சோவியத் யூனியன் செய்துகொண்ட முதல் வர்த்தக ஒப்பந்தம் அதுதான்.

பிராவோவின் கதை அதோடு முடியவில்லை. 1976 மார்ச் 24 அன்று ஜெனரல் விதேலாவின் தலைமையில் முப்படைத் தளபதிகள் அர்ஜெண்டினாவில் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது, தொழிற்சங்கங்கள் முடக்கப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் கடத்தப்பட்டுக் காணாமல் போனார்கள். அதே ராணுவ ஆட்சி பிராவோவைத் தேடிப் பிடித்து மறுபடி மாஸ்கோவுக்குத் தூதராக அனுப்பியது. கம்யூனிசத்தை எதிரி என்று மேடையில் முழங்குபவர்கள் கிரெம்ளினின் வாசல் தெரிந்த ஒருவரை அங்கே உட்காரவைத்தார்கள் என்றால், உறவை முறிக்கும் எண்ணம் அவர்களுக்கு ஒருநாளும் இருக்கவில்லை என்றுதான் பொருள்.

மாஸ்கோவுக்கும் இருக்கவில்லை. இதைச் சிலியோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். 1973 செப்டம்பரில் பினோசெட் அயெந்தேயின் ஆட்சியைக் கவிழ்த்தபோது சில நாட்களிலேயே சோவியத் யூனியன் தூதரக உறவை முறித்துக்கொண்டது. அதன் பிறகு ஐ.நா.வின் எல்லா மன்றங்களிலும் சிலியைக் கூண்டில் ஏற்றியது. நம் ஊரில் சோவியத் வெளியீடுகளைப் படித்து வளர்ந்த தலைமுறைக்கு அயெந்தேயும் நெரூதாவும் விக்தோர் ஹாராவும் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். அர்ஜெண்டினாவில் காணாமல் போனவர்களின் பெயர் ஒன்றாவது அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருக்குமா? ஆண்டெஸ் மலைத்தொடரின் மேற்கே நடந்த கொடுமைக்கு மாஸ்கோ ஒரு நியாயம் வைத்திருந்தது, கிழக்கே நடந்ததற்கு வேறொன்று.

அர்ஜெண்டினாவின் கம்யூனிஸ்ட் கட்சியும் இதே பாதையில் போனது. விதேலா மிதவாதி, அவரைச் சுற்றி பினோசெட் போன்ற கொடியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் மேலே வந்துவிடாமல் தடுக்க விதேலாவை ஆதரிக்க வேண்டும் என்பது கட்சியின் வாதம். இடதுசாரிக் கட்சிகள் பல முற்றாகத் தடை செய்யப்பட்டபோது, கம்யூனிஸ்ட் கட்சியின் நடவடிக்கைகள் நிறுத்திவைக்கப்பட்டன, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சலுகை கட்சியின் சாதாரண உறுப்பினர்களைக் காப்பாற்றவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட கம்யூனிஸ்டுகள் கடத்தப்பட்டு, திரும்பி வரவே இல்லை. சொந்தத் தோழர்கள் மறைந்துகொண்டிருக்கும்போதும் ஒரு கட்சி தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை. படிக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

1979 செப்டம்பரில் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்க நாடுகள் அமைப்பின் மனித உரிமை ஆணையம் விசாரணைக்காக புவெனஸ் ஐரிஸ் வந்திருந்தது. அவெனிதா தெ மாயோ சாலையில் அதன் அலுவலகம். பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களும் தகப்பன்மார்களும் புகார் எழுதிக் கொடுக்க அந்தச் சாலையில் வரிசை கட்டி நின்றார்கள். செப்டம்பர் 7 அன்று டோக்கியோவில் உலக இளைஞர் கால்பந்து இறுதிப் போட்டி. பதினெட்டு வயது மரடோனா ஆடிய அர்ஜெண்டின அணி 3-1 என்று வென்றது. தோற்ற அணி சோவியத் யூனியன். புகழ்பெற்ற வானொலி வர்ணனையாளர் ஒருவர், எல்லாரும் அவெனிதா தெ மாயோவுக்குப் போய் அர்ஜெண்டினாவின் உண்மையான முகத்தை அந்த ஆணையத்துக்குக் காட்டுங்கள் என்று ரசிகர்களைத் தூண்டினார். கொடி பிடித்து ஆடிப் பாடிக்கொண்டு வந்த கூட்டம், வரிசையில் நின்ற அந்தப் பெற்றோரைக் கடந்து போனது. பெற்றோர் கலையவில்லை. இரண்டு வாரத்தில் ஆணையம் பதிவு செய்த புகார்கள் 5,580.

கார்ட்டரின் தானியத் தடை வந்தபோது அர்ஜெண்டினா இந்த நிலையில்தான் இருந்தது. மனித உரிமை மீறலுக்காக வாஷிங்டன் ஏற்கெனவே ஆயுத உதவியை வெட்டியிருந்தது. தளபதிகளுக்கு அந்த மனக்கசப்பு ஆறவில்லை. ஜனவரி 12 அன்று தானியம் ஏற்றுமதி செய்யும் நாடுகளை வாஷிங்டனுக்கு அழைத்து, அமெரிக்கா விட்ட இடத்தை நிரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது கார்ட்டர் அரசு. அர்ஜெண்டினா போனது, கேட்டது, வணிகத்தைத் தண்டனைக் கருவியாக்குவதில் தனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிவிட்டது. அந்த மாதமே கார்ட்டர் ஜெனரல் ஆண்ட்ரூ குட்பாஸ்டரை புவெனஸ் ஐரிஸுக்கு அனுப்பினார். நேட்டோவின் முன்னாள் தலைமைத் தளபதி அவர். சிப்பாயிடம் சிப்பாய் பேசினால் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கை. குட்பாஸ்டர் வெறுங்கையோடு திரும்பினார்.

மறுத்ததற்கு ரோஷம் மட்டும் காரணமில்லை. பொருளாதார அமைச்சர் ஹோசே மார்ட்டினெஸ் தெ ஓஸ் பெருநிலக்கிழார் குடும்பத்தில் வந்தவர். நிலவுடைமையாளர்களின் சங்கமான சோசியேதாத் ருராலின் முதல் தலைவர் 1866-ல் அவருடைய முன்னோர் ஒருவர். பணவீக்கத்தை அடக்குகிறேன் என்று பெசோவின் மதிப்பை அவர் செயற்கையாக உயர்த்திப் பிடித்திருந்தார். அதனால் வெளிநாட்டுப் பொருள்கள் மலிவாக வந்து குவிந்தன, உள்ளூர் ஆலைகள் மூடப்பட்டன, ஏற்றுமதி செய்யும் விவசாயிக்குக் கையில் கிடைத்த காசு சுருங்கியது. விலையைக் கூட்டிக் கொடுத்து, டாலராகவே எண்ணிவைக்கும் ஒரு வாடிக்கையாளர் அந்த நேரத்தில் வாசலில் வந்து நின்றால் யார் விடுவார்கள்? 1980-ல் அர்ஜெண்டினத் துறைமுகங்களில் மக்காச்சோளத்தின் விலை அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாத் துறைமுக விலையைத் தாண்டி ஏறியது. கூடுதலாகக் கொடுத்தது மாஸ்கோ.

1980 ஜூலையில் ஐந்தாண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்குக் குறைந்தது 45 லட்சம் டன்: மக்காச்சோளமும் சோளமும் 40 லட்சம், சோயா 5 லட்சம். கோதுமை இதற்கு வெளியே தனியாகப் போனது. மறு ஆண்டு மாட்டிறைச்சிக்கும் ஒப்பந்தம் வந்தது. வேளாண்மைத் துறையை அப்போது கவனித்தவர் ஹோர்ஹே ஸோர்ரெகியெத்தா. அவருடைய மகள் மாக்ஸிமாதான் இன்றைய நெதர்லாந்து அரசி. ராணுவ ஆட்சியில் வகித்த பதவியின் காரணமாக 2002-ல் மகளின் திருமணத்தில் கலந்துகொள்ள அந்தத் தகப்பனுக்கு அனுமதி கிடைக்கவில்லை.

இவ்வளவு தானியம் எப்படிப் போனது என்று பார்ப்போம். பாம்பாஸின் விளைச்சலில் பெரும்பங்கு லாரியிலும் ரயிலிலும் ரோசாரியோவுக்கு வரும். ரோசாரியோ கடலோரத்தில் இல்லை. பரானா ஆற்றில், நானூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே தள்ளி இருக்கிறது. மேட்டுக் கரையில் நிற்கும் சைலோ கிடங்குகளிலிருந்து சரிவுக் குழாய் வழியே தானியம் நேராகக் கப்பலின் வயிற்றுக்குள் கொட்டும். ஆனால் கப்பலை முழுதாக நிரப்ப முடியாது. ஆறு சுமந்து வரும் வண்டல், லா பிளாட்டா முகத்துவாரத்தில் படிந்து மேடு தட்டிக் கிடக்கும். நிறையச் சரக்கோடு கனத்து அமிழ்ந்த கப்பல் அந்த வழியில் தரை தட்டிவிடும். அதனால் ரோசாரியோவில் பாதியும் முக்காலுமாக ஏற்றிக்கொண்டு இறங்கி, தெற்கே ஆழ்கடல் துறைமுகமான பாஹியா பிளாங்காவுக்குப் போய் மீதியை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஒரே கப்பலுக்கு இரண்டு துறைமுகக் கூலி, இரண்டு காத்திருப்பு. அதன் பிறகு அட்லாண்டிக்கின் முழு நீளத்தையும் கடந்தால்தான் சோவியத் துறைமுகம். இந்தச் செலவையெல்லாம் தாங்கிக்கொண்டுதான் மாஸ்கோ வாங்கியது.

அந்த ஆண்டு வறட்சியால் அர்ஜெண்டினாவின் மக்காச்சோள விளைச்சலும் அடிபட்டிருந்தது. இருந்ததை எல்லாம் சோவியத்துக்குத் திருப்பிவிட்டதால், காலங்காலமாக அர்ஜெண்டினாவிடம் வாங்கிவந்த இத்தாலி, ஸ்பெயின், ஜப்பான் வியாபாரிகள் அமெரிக்காவுக்குப் போனார்கள். சோவியத்துக்கு விற்க முடியாத அமெரிக்க மக்காச்சோளம் அவர்களுக்குப் போனது. ஆக, தடையால் உலகத்தில் தானியம் குறையவில்லை. கப்பல்கள் பாதை மாறின. உள்நாட்டில் விவசாயிகளின் கோபத்துக்கு ஆளான கார்ட்டர் அந்த நவம்பரில் தேர்தலில் தோற்றார். 1981 ஏப்ரல் 24 அன்று ரீகன் தடையை நீக்கினார்.

அதற்குள் அர்ஜெண்டினாவின் ஏற்றுமதி வரைபடமே மாறிவிட்டது. 1981-ல் அந்நாட்டின் மொத்த ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்கு சோவியத் யூனியனுக்குப் போனது, மதிப்பில் ஏறத்தாழ 300 கோடி டாலர். தானியத்தை மட்டும் எடுத்தால் முக்கால் பங்கு. திரும்பி வந்த சோவியத் பொருள்களின் மதிப்போ சில கோடி டாலர்தான். உருகுவே ஆற்றின் குறுக்கே அர்ஜெண்டினாவும் உருகுவேயும் சேர்ந்து கட்டிய சால்டோ கிராந்தே அணையின் 14 டர்பைன்கள் சோவியத் தயாரிப்பு. அவையும் ராணுவ ஆட்சிக்கு முன்பே, 1974-ல் பெரோனின் பொருளாதார அமைச்சர் ஹோசே ஹெல்பார்த் மாஸ்கோ போய்வந்த காலத்துப் பேச்சின் தொடர்ச்சி.

1980 ஜூலையில் இன்னொன்றும் நடந்தது. தானிய ஒப்பந்தம் கையெழுத்தான அதே மாதத்தில் மாஸ்கோ ஒலிம்பிக் தொடங்கியது. ஆப்கானிஸ்தானைக் காரணம் காட்டி அர்ஜெண்டினா அதைப் புறக்கணித்தது. வீரர்கள் வீட்டில் இருந்தார்கள், தானியக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன.

ஆனால் இந்த உறவின் கனமான அத்தியாயம் ஜெனீவாவில் எழுதப்பட்டது. ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் அர்ஜெண்டினாவைப் பெயர் சொல்லிக் கண்டிக்க மேற்கு நாடுகள் சில முயன்றபோதெல்லாம், சோவியத் அணியின் பிரதிநிதிகள் ராணுவ ஆட்சியைக் காப்பாற்றும் பக்கமே நின்றார்கள். நேரடியாக ஆதரித்துப் பேச வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை. தள்ளிப்போட்டால் போதும், சொற்களை நீர்த்துப்போகச் செய்தால் போதும், வாக்கெடுப்பைத் தவிர்த்தால் போதும். புவெனஸ் ஐரிஸின் மே சதுக்கத்தில் 1977 ஏப்ரல் முதல் கூடி, வெள்ளைத் தலைத்துணி கட்டிக்கொண்டு சுற்றிவந்த தாய்மார்கள் ஒரு பெரும் வல்லரசின் கதவைத் தட்டியபோது அது திறக்கவில்லை. அந்தத் தாய்மார்களைத் திரட்டிய அசுசேனா விஜாஃப்ளோர் அதே ஆண்டு டிசம்பரில் தானே கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். இதெல்லாம் தெரியாமல் ஒன்றும் மாஸ்கோ மௌனம் காக்கவில்லை. தூதரகம் அதே நகரத்தில்தான் இருந்தது.

1980 பிப்ரவரி 29 அன்று அந்த ஆணையம் ஒரு முடிவுக்கு வந்தது. அர்ஜெண்டினா என்ற பெயரே இல்லாமல், உலகெங்கும் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரைப் பற்றி ஆராய ஒரு பணிக்குழுவை அமைத்தது. பெயரைத் தவிர்த்ததுதான் சமரசம். குறிப்பிட்ட நாடு எதையும் சுட்டாத ஒரு பிரச்சினைக்காக ஐ.நா. அமைத்த முதல் குழு அது. அர்ஜெண்டினாவைக் காப்பாற்றச் செய்த அந்த ஏற்பாடே எந்த நாட்டுப் பெற்றோரும் மனுக் கொடுக்கக்கூடிய இடமாகப் பின்னால் ஆகிவிட்டது. இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான மனுக்கள் போனது இந்தக் குழுவுக்குத்தான். பிள்ளைகளின் படங்களை நெஞ்சில் அணைத்தபடி வடக்கிலும் கிழக்கிலும் வீதியோரம் உட்கார்ந்திருக்கும் தமிழ்த் தாய்மார்களின் வழக்குகளும் அதன் கோப்புகளில் இருக்கின்றன.

இவ்வளவு தானியத்தையும் இவ்வளவு மௌனத்தையும் மாற்றிக்கொண்ட இரு நாடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் துணை நிற்கும்? அதற்கான சோதனை 1982-ல் வந்தது. ஏப்ரல் 2 அன்று, அப்போது ராணுவ ஆட்சியின் தலைவராக இருந்த ஜெனரல் கால்தியேரியின் படைகள் மால்வினாஸ் தீவுகளில் இறங்கின. பிரிட்டன் அவற்றை ஃபாக்லாந்து என்கிறது. மறுநாள் பாதுகாப்பு அவையில் 502-ஆம் தீர்மானம்: அர்ஜெண்டினப் படைகள் உடனே வெளியேற வேண்டும். சோவியத் யூனியன் கையை உயர்த்தி ஒரு வீட்டோ போட்டிருந்தால் தீர்மானம் செத்திருக்கும். புவெனஸ் ஐரிஸில் பலர் அதை எதிர்பார்த்தார்கள். எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு, பனாமாவுடையது. சோவியத் யூனியன், சீனா, போலந்து, ஸ்பெயின் ஆகியவை வாக்களிக்காமல் ஒதுங்கின. பத்து வாக்குகளோடு தீர்மானம் நிறைவேறியது.

பிரிட்டனின் காலனி ஆதிக்கத்தைக் கண்டித்து அதன் பிறகு மாஸ்கோ நிறையவே பேசியது. ஆனால் வாக்கு விழவேண்டிய நாளில் விழவில்லை. கிரெம்ளினை இதற்காக நம்பிக்கைத் துரோகி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தீவனம் வாங்கினார்கள், விலையைக் கொடுத்தார்கள், கணக்கு அன்றைக்கே தீர்ந்தது. தென் அட்லாண்டிக்கில் ஒரு போருக்காக வாஷிங்டனோடும் லண்டனோடும் புதிதாக மோத அவர்களுக்கு ஒரு காரணமும் இல்லை. வாடிக்கையாளரைக் கூட்டாளி என்று எண்ணிக்கொண்டது தளபதிகளின் பிழை. ஜூன் தொடக்கத்தில் வெளியுறவு அமைச்சர் நிகனோர் கோஸ்தா மெந்தெஸ், ஆழ்ந்த கத்தோலிக்கர், கடும் வலதுசாரி, அணிசேரா நாடுகளின் கூட்டத்துக்காக ஹவானா போய் ஃபிதெல் காஸ்ட்ரோவின் கையைப் பற்றிக்கொண்டு நின்றார். இரண்டு வாரத்துக்குள், ஜூன் 14 அன்று, தீவுகளில் இருந்த அர்ஜெண்டினப் படை சரணடைந்தது.

ராணுவ ஆட்சி அதன் பிறகு நீண்ட நாள் நிற்கவில்லை. 1983 டிசம்பரில் ரௌல் அல்ஃபோன்சின் அதிபரானார். அவர் கையில் வந்தது 4,500 கோடி டாலர் வெளிநாட்டுக் கடன். 1976-ல் தளபதிகள் வந்தபோது அது 800 கோடியைத் தொட்டிருக்கவில்லை. தானியம் விற்ற டாலர் அந்தக் கடனின் வட்டி வாயில் காணாமல் போனது. அல்ஃபோன்சின் அமைத்த விசாரணைக் குழு 8,961 பேர் காணாமல் ஆக்கப்பட்டதை ஆவணப்படுத்தியது. மனித உரிமை அமைப்புகள் சொல்லும் எண்ணிக்கை 30,000. 1985 டிசம்பரில் விதேலாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

1986 அக்டோபரில் அல்ஃபோன்சின் மாஸ்கோ போனார். பதவியில் இருக்கும்போது சோவியத் யூனியனுக்குப் போன முதல் அர்ஜெண்டின அதிபர் அவர். அப்போது அங்கே கோர்பச்சேவ். நீங்கள் எங்களிடம் விற்கிறீர்கள், எங்களிடம் வாங்குவதில்லை என்ற பழைய குறையை சோவியத் தரப்பு அந்த ஆண்டுகளில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அமெரிக்காவோடு 1983-ல் புதிய தானிய ஒப்பந்தம் போட்டுவிட்ட மாஸ்கோவுக்கு ரோசாரியோவின் கப்பல்கள் முன்போல் அவசியமாக இல்லை.

அல்ஃபோன்சின் போய்வந்த அடுத்த மாதம் அர்ஜெண்டினக் கம்யூனிஸ்ட் கட்சியின் 16-வது மாநாடு கூடியது. ராணுவ ஆட்சியின்போது தான் எடுத்த நிலைப்பாடு தவறு என்று கட்சி அங்கே வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. மே சதுக்கத்தில் தாய்மார்கள் தங்கள் பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லிச் சுற்றிவரத் தொடங்கி அப்போது ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

(தொடரும்)